கூலி வேறு... நன்றி வேறு!

குட்டீஸ்... உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை! புத்தகத்தைப் பார்க்காமல், அம்மாவைக் கேட்காமல் பதில் சொல்லணும்.

உங்கள் வீட்டு மின்விசிறியைக் கடைசியாகச் சரி செய்து கொடுத்தவர் பெயர் என்ன? உங்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் பெயர்? பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர் பெயர்?

'எலக்ட்ரீஷியன்', 'பஞ்சர் கடைக்காரர்', 'டெய்லர்' என்றுதானே வாயில் வருகிறது? அது தொழிலின் பெயர். ஆளின் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். அவர்களுக்கு நூற்றுக்கு நூறு!

தெரியாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். நமக்காக நேர்மையாக உழைக்கிறவருக்குக் கூலி கொடுத்தால் கணக்கு முடியும். ஆனால், நன்றி சொன்னது ஆகாது. நன்றியைத் தனியாகச் சொல்லணும். அதற்கு, வீட்டில் நாமே செய்த ஒரு நல்ல பலகாரத்தைவிட இனிப்பான வழி இல்லை. எப்படி என்று பார்ப்போமா?

மோட்டாருக்குள்ளே என்ன இருக்கு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் களமருதூர் என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன என்றால், கரும்பு எவ்வளவு விளையும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குக் கிணறோ, போர்வெல்லோ வேண்டும். அதிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் வேண்டும்.

கோடையில் ஒருநாள் அந்த மோட்டார் 'உர்ர்ர்' என்று உறுமிவிட்டு நின்று போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மின்னழுத்தம் குறைந்ததோ, மூன்று பேஸில் ஒன்று வராமல் போனதோ... காயில் எரிந்து விட்டது! பயிர் காய்கிறது. அப்பா யாரைத் தேடிப் போவார்? மோட்டார் காயில் கட்டுபவரைத்தான்.

அவர் என்ன செய்வார் தெரியுமா? மோட்டாரைப் பிரித்து, கருகிப்போன செம்புக் கம்பியை எல்லாம் வெட்டி எடுப்பார். பழைய காயிலில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணுவார். கம்பி எவ்வளவு கனம் என்று அளப்பார். அதே கனமுள்ள புதுக் கம்பியை, அதே எண்ணிக்கையில் சுற்றுவார். கம்பியும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் காகிதம் செருகுவார். பிறகு வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார். சுற்றும்போது எண்ணிக்கை தவறிவிட்டால் மீண்டும் முதலில் இருந்து!

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வேலை முழுக்க மோட்டாருக்குள்ளே மறைந்து போய்விடும். மூடியைப் போட்டு நட்டை முடுக்கிய பிறகு, உள்ளே நல்ல செம்புக் கம்பி இருக்கிறதா, விலை குறைந்த மட்டக் கம்பி இருக்கிறதா என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.

யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காக வேலை செய்கிறாரே, அவரைத்தான் 'நம்பிக்கையான ஆள்' என்கிறோம்.

மோட்டார் மட்டும் இல்லை குட்டீஸ். சுவருக்குள் பதித்த ஒயர், தரைக்குள் புதைத்த பைப், சட்டையின் உள்தையல், பிரேக்குக்குள் இருக்கும் கட்டை... எல்லாமே கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான். ஒவ்வொரு நாளும் இப்படி எத்தனையோ பேருடைய நேர்மையை நம்பித்தான் நாம் விளக்குப் போடுகிறோம், சைக்கிள் மிதிக்கிறோம்.

'பணம்தான் கொடுத்தாச்சே!'

உங்களில் சிலர் இப்படிக் கேட்பீர்கள்: 'அவர் செய்த வேலைக்கு அப்பா பணம் கொடுத்துட்டாரே! அப்புறம் எதுக்குப் பலகாரம் எல்லாம்?'

நல்ல கேள்வி. கூலி என்பது செய்த வேலைக்கு. இத்தனை மணி நேரம், இத்தனை கிலோ கம்பி, இத்தனை ரூபாய். அரைகுறையாக வேலை செய்தவரும் அதே கூலியைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார். அப்படியானால், சொன்ன நாளில் வந்தவருக்கும், 'காயில் எரியலே, ஸ்டார்ட்டர்லதான் கோளாறு' என்று உண்மையைச் சொல்லி நம் பணத்தை மிச்சப்படுத்தியவருக்கும் என்ன கொடுத்தோம்? அந்தக் குணத்துக்குப் பில் போட முடியாது. அதற்குத்தான் நன்றி.

ஒன்றை மட்டும் மறந்து விடாதீர்கள். பலகாரம் கூலிக்குப் பதில் கிடையாது! 'பணம் அடுத்த மாசம் தரேன், இப்போதைக்கு இந்த அதிரசத்தை எடுத்துக்கிட்டுப் போங்க' என்று சொன்னால் அது நன்றி அல்ல, ஏமாற்று. பேரம் பேசி ஐம்பது ரூபாயைக் குறைத்துவிட்டு, கையில் நாலு முறுக்கைத் திணிப்பதும் அப்படித்தான். முதலில் முழுக் கூலி. பிறகுதான் இனிப்பு.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு என்று ஒரு தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். அது 11வது அதிகாரம். நீங்கள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்பீர்கள். மார்க் வாங்கியதோடு விட்டுவிடலாமா?

கல்லில் இருக்கும் பெயர்கள்

உழைத்தவரை மதிப்பது நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? சுமார் 1010ம் ஆண்டில் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் அது. அதன் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளில் ராஜா, ராணி பெயர்கள் மட்டும் இல்லை. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. முடி திருத்தும் தொழில் செய்த ராஜராஜப் பெருநாவிசனுக்கும் அங்கே இடம் உண்டு. தச்சர், தட்டார், குயவர், சலவைத் தொழிலாளி, தையல்காரர், விளக்கு ஏற்றுபவர் என்று கோயிலில் வேலை செய்தவர்களுக்குப் பங்கு நெல் அளக்கவும் கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தச்சர் பெயர் நமக்குத் தெரிகிறது. போன வாரம் நம் வீட்டுக் கதவை இழைத்துக் கொடுத்த தச்சர் பெயர் தெரியவில்லை!

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பக் கலைஞர்களை எல்லாரும் பாராட்டினோம். நல்லதுதான். ஆனால், ஏர்க் கலப்பைக்கும் கட்டில் காலுக்கும் கதவு நிலைக்கும் யாரும் குறியீடு தருவதில்லை. அதைச் செய்கிறவரை அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் பாராட்டணும்.

வெளிநாடுகளிலும் இப்படி வழக்கங்கள் உண்டு. இங்கிலாந்தில் கிறிஸ்துமசுக்கு மறுநாள், அதாவது டிசம்பர் 26ம் தேதியை 'பாக்சிங் டே' என்கிறார்கள். குத்துச்சண்டை போடும் நாள் என்று நினைத்து விடாதீர்கள்! வருஷம் முழுக்க வேலை செய்து கொடுத்த தொழிலாளர்களுக்கும், தபால்காரர்களுக்கும் 'கிறிஸ்துமஸ் பாக்ஸ்' என்று ஓர் அன்பளிப்பு தருவார்கள். அதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். இலங்கையில் கிறிஸ்துமஸ் வந்தால் முந்திரி, ரவை, உலர்ந்த பழங்கள் எல்லாம் போட்டு ஒரு கேக் செய்வார்கள். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, காகிதத்தில் சுற்றி, அக்கம்பக்கத்தாருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் கொடுப்பார்கள்.

இனாம் கொடுக்கிறோமா... நன்றி சொல்கிறோமா?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கேட்டுத்தான் ஆகணும்.

நம் ஊரிலும் தீபாவளி, பொங்கலுக்குத் தொழிலாளர்களுக்குப் பலகாரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அறுவடை முடிந்ததும் களத்திலேயே தச்சருக்கும், கொல்லருக்கும், மற்ற தொழிலாளர்களுக்கும் நெல் அளந்து கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. ஆனால், கொடுத்த விதம் எல்லா இடத்திலும் நன்றாக இருக்கவில்லை. சில வீடுகளில், 'கொல்லைப்புறமா வா' என்பார்கள். கையில் படாமல் மேலே இருந்து போடுவார்கள். ஊசிப்போன வடையையும், உடைந்த முறுக்கையும் ஒரு பேப்பரில் கட்டிக் கொடுப்பார்கள். தண்ணீர் கேட்டால் தனி டம்ளர்! தாத்தா வயதுக்காரரைப் பேரன் வயதுப் பையன் பெயர் சொல்லி, 'வா, போ' என்று கூப்பிடுவான்.

1950ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு, தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதைக் கடைப்பிடிப்பது குற்றம். ஆனாலும் அந்தப் பழக்கத்தின் வாடை சில வாசல்களில் இன்னும் போகவில்லை. அப்படிக் கொடுப்பது அதிரசமாக இருந்தாலும் அது இனிக்காது குட்டீஸ். வாங்குகிறவர் மனசு கூனிக் குறுகிப் போகும்.

நீங்கள் மாற்றிக் காட்டலாம். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் நாம் பழகுகிறோம் என்பது சரிதான். ஆனால், சில சமயம் நம்மைப் பார்த்துப் பெரியவர்களும் பழகுவார்கள்!

அதிரசம் சுடலாம், வாங்க!

என்ன செய்து கொடுக்கலாம்? வீட்டில் ஓவன் இருந்தால் கேக் செய்யலாம். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நம்ம ஊர் அதிரசம் இருக்கவே இருக்கு! திருப்பதி கோயில் கல்வெட்டுகளில்கூட 'அதிரசப்படி' என்று இதன் பெயர் வருகிறது. அவ்வளவு பழைய பலகாரம்.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தணும். முழுசாகக் காய்ந்து விடக்கூடாது. கையில் எடுத்தால் லேசாக ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்கணும். முக்கால் கிலோ பாகு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் வைத்துப் பாகு காய்ச்சணும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டால், கரையாமல் மெத்தென்று உருட்ட வரணும். அதுதான் பதம். உடனே இறக்கி, ஏலக்காய்த் தூளும் சுக்குத் தூளும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறணும். மேலே நெய் தடவி மூடி, ஒருநாளாவது வைத்திருக்கணும். பிறகு உருண்டை பிடித்து, வாழை இலையில் தட்டி, எண்ணெயில் மிதமான சூட்டில் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் அமுக்கி எண்ணெயைப் பிழிந்து எடுத்தால்... அதிரசம் தயார்!

கல்வராயன் மலைப்பக்கம் சாமை, தினை விளைகிறது. அந்த மாவிலும் அதிரசம் சுடலாம்.

ஜாக்கிரதை! பாகும், கொதிக்கும் எண்ணெயும் பெரியவர்கள் வேலை. நீங்கள் அரிசியில் கல் பொறுக்கலாம், மாவு சலிக்கலாம், ஏலக்காய் உரிக்கலாம், உருண்டை பிடிக்கலாம், இலையில் தட்டலாம். அம்மா மட்டும் செய்யணும் என்று சட்டம் இல்லை. அப்பாவையும் அடுப்படிக்கு இழுத்து வாருங்கள்!

'இவ்வளவு வேலையா? கடையில் அரை கிலோ ஸ்வீட் வாங்கினால் ஐந்து நிமிஷத்தில் முடியுமே!' என்கிறீர்களா? வாங்கிக் கொடுப்பதும் தப்பில்லை. ஆனால், பாகு ஒரு பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். ஒரு பதம் பிந்தினால் கல் மாதிரி ஆகிவிடும். பக்கத்திலேயே நின்று பார்த்துக் கொண்டிருக்கணும். செய்து பார்த்தால்தான், பொறுமையாக ஒரு வேலையைச் சரியாக முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் கைக்குத் தெரியும். காயில் கட்டுபவர் தினமும் அதைத்தான் செய்கிறார். அவர் தன் நேரத்தை நமக்குக் கொடுத்தார். நாமும் நம் நேரத்தைக் கொஞ்சம் அவருக்குக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்!

எப்படிக் கொடுக்கணும்?

1. முதலில் பெயரைத் தெரிந்து கொள்ளுங்கள். தெரிந்து கொள்ளத்தான், பெயர் சொல்லிக் கூப்பிட அல்ல! கூப்பிடும்போது 'அண்ணே', 'மாமா', 'ஐயா', 'அக்கா' என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள்.

2. முதல் ஈடு அதிரசத்தில் இருந்தே அவருக்கு எடுத்து வையுங்கள். நாம் சாப்பிட்டு மிஞ்சியது வேண்டாம்.

3. வாசல் வழியாகவே வரச் சொல்லுங்கள். உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் குடிக்கும் அதே டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். அல்லது அவர் கடைக்கே போய், இரண்டு கையாலும் கொடுங்கள்.

4. எதற்கு நன்றி என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'தேங்க்ஸ்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'அன்னைக்கு ராத்திரியே வந்து மோட்டாரைச் சரி பண்ணிக் கொடுத்தீங்க மாமா. எங்க கரும்பு பிழைச்சுது' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்!

5. அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முன்னாலேயே விசாரித்து விடுங்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அப்படி இருந்தால் சுண்டல் செய்து கொடுங்கள். அன்பு இனிப்பாகத்தான் இருக்கணும் என்று இல்லையே!

6. கொடுக்கும்போது போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நன்றி அவருக்கு. விளம்பரம் நமக்கு வேண்டாம்.

இது லஞ்சம் ஆகிவிடாதா?

கெட்டிக்காரக் குட்டீஸ் சிலர் இதையும் கேட்பீர்கள். லைன்மேன், தபால்காரர் எல்லாம் அரசு ஊழியர்கள் ஆயிற்றே?

வேலை நடக்கும் முன்பு, 'நம்ம வேலையை முதலில் முடிச்சுக் கொடுங்க' என்று கொடுத்தால் அது லஞ்சத்தின் முதல் படி. நம் நாட்டில் லஞ்ச ஒழிப்புச் சட்டம் 1988ல் வந்தது. 2018ல் அதைத் திருத்திய பிறகு, லஞ்சம் வாங்குவது மட்டும் அல்ல, கொடுப்பதும் குற்றம். அமெரிக்காவில் தபால்காரர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு சமயத்தில் 20 டாலர் மதிப்புக்கு மேல் அன்பளிப்பு வாங்கக் கூடாது. ரொக்கம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

ஆகவே, அரசு ஊழியர்களுக்கு வாயார ஒரு நன்றியும், வெயிலில் வந்தால் ஒரு டம்ளர் மோரும் போதும். அல்லது, 'எங்கள் தெருவில் இவர் நன்றாக வேலை செய்கிறார்' என்று அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புகார்க் கடிதங்களாகவே வந்து குவியும் அலுவலகத்தில், ஒரு பாராட்டுக் கடிதம் வந்தால் எப்படி இருக்கும்!

இப்படி எல்லாம் செய்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். 'அதிரசம் கொடுத்தோமே, அடுத்த தடவை கூலியைக் குறைப்பார்' என்று எதிர்பார்த்தால், அது நன்றி அல்ல... வியாபாரம்!

ஆனால், ஒன்று மட்டும் நிச்சயம். நல்ல வேலை செய்தவரை நாம் கண்டுகொள்ளாமல் இருந்தால், 'ஒழுங்காச் செஞ்சாலும் ஒண்ணுதான், ஒப்பேத்தினாலும் ஒண்ணுதான்' என்று ஒருநாள் அவருக்குத் தோன்றலாம். அது அவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, ஊருக்கே நஷ்டம். 'நீங்க உள்ளே செஞ்ச வேலை எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு குழந்தை வந்து சொன்னால், அதைவிடப் பெரிய விருது அவருக்கு எது?

சரி குட்டீஸ், இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் மூன்று பேருடைய பெயர்களைக் கேட்டு, நோட்டில் எழுதுங்கள். அந்த மூவரில் ஒருவருக்கு, வீட்டில் அடுத்த முறை பலகாரம் சுடும்போது முதல் ஈட்டிலேயே நாலு எடுத்து வையுங்கள். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, மிச்சம் இருப்பதை நீங்கள் சாப்பிடலாம். சரியா?